ஓட்டை பார்ப்பவர்

ஞானதீபம் சாரிடம் வந்து, "இதுல ஓட்டை இருக்கா சார்?" என்று கேட்டவர்களில் முக்கால்வாசிப் பேர் அழுதுகொண்டுதான் திரும்பிப் போயிருக்கிறார்கள். ஆனாலும் ஒருவர்கூட அவரைத் திட்டியதில்லை. அவர் இல்லை என்றால் இல்லைதான். நோயாளியை வீட்டுக்குக் கூட்டிக்கொண்டு போய்ச் சொந்தபந்தங்களுக்குச் சொல்லி அனுப்ப வேண்டியதுதான்.

ஒரு காலத்தில் அவர் பாளையங்கோட்டையில் வங்கித் தேர்வு எழுதுகிற பிள்ளைகளுக்கு ரீசனிங் பாடம் எடுத்தவர். வங்கி வேலையெல்லாம் இயந்திரத்திடம் போனபிறகு தேர்வு எதற்கு? கோச்சிங் சென்டர்களை இழுத்து மூடினார்கள். கணக்கு சார் கோழிப்பண்ணை வைத்தார். இங்கிலீஷ் சார் மகனோடு வெளிநாடு போனார். ரீசனிங் சாரை மட்டும் காலம் கைவிடவில்லை. கணக்குப்பிள்ளை வந்ததும் அவருக்கு முன்னைவிடக் கூட்டம் சேர்ந்தது.

கணக்குப்பிள்ளை என்பது ஆள் இல்லை. அரசாங்கம் அதற்கு வைத்த பெயர் ஒரு முழ நீளம், யார் வாயிலும் நுழையாது. எல்லாவற்றையும் அளந்து பங்குபோடுகிற இயந்திரம் என்பதால் ஜனங்கள் அப்படிக் கூப்பிட ஆரம்பித்தார்கள். யாருக்கு மருந்து, யாருக்கு ஆபரேஷன், யாருக்குக் கட்டில் என்று அதுதான் தீர்மானிக்கும். ஆரம்பத்தில் ஊர் ஊராகக் கல்லெறிந்தார்கள். கல்லுக்குப் பயந்து அரசாங்கம் மறுப்புச் சட்டம் கொண்டுவந்தது. கணக்குப்பிள்ளை தன் முடிவுக்கான காரணத்தை மூன்றே வரியில் சொல்லியாக வேண்டும். இல்லை என்று சொல்லப்பட்டவர் தரப்பில் ஒரே ஒரு முறை, ஒரே ஒரு வாக்கியத்தில் மறுக்கலாம்.

அந்த ஒரு வாக்கியத்தில்தான் ஞானதீபத்தின் பிழைப்பு இருந்தது. ஈரல் மையத்தின் வாசலில் பிறருக்காக மறுப்புச் சொல்லிப் பிழைக்கிற மறுப்பாளர்களுக்கு என்று ஒரு நீளமான சிமெண்டுப் பெஞ்சு உண்டு. அதில் உட்கார்ந்துகொண்டு, பாளையங்கோட்டை வகுப்பில் சொன்னதையே இப்போது கண் கலங்கி நிற்பவர்களுக்குச் சொல்வார்.

"ஒரு புரோட்டாக் கடை வாசல்ல கூட்டம் நிக்கு. அதனால அங்க புரோட்டா நல்லாருக்கும்னு ஒருத்தன் சொல்லுதான். அவன் சொல்லாம விட்டது என்ன? கூட்டம் ருசிக்காகத்தான் வந்திருக்குன்னு அவனா எடுத்துக்கிட்டான். இப்ப அதத் திருப்பிப் போடுங்க. சுத்துவட்டாரத்துல வேற கடையே இல்ல, அதான் கூட்டம். இப்ப அவன் சொன்னது நிக்குமா? நிக்காதுல்லா. அதுதான் ஓட்டை. கணக்குப்பிள்ளை சொல்லாம எடுத்துக்கிட்டத நாம சொல்லணும். திருப்பிப் போட்டா முடிவு விழணும். விழுந்தா அது மாத்திரும். அழுதா மாத்தாது, கும்பிட்டா மாத்தாது."

"அது சொல்லுற காரணமே பொய்னா சார்?"

"அதுல கை வைக்கப்படாது. கொடுத்தத கொடுத்தபடி உண்மைன்னு எடுத்துக்கணும். வெளிய இருந்து எதையும் உள்ள கொண்டுவரவும் கூடாது."

இந்த இரண்டு விதியையும் அவர் இருபது வருஷம் கரும்பலகையில் எழுதிப்போட்டவர். எழுதி எழுதி அது அவருக்குக் குணமாகவே ஆகிவிட்டது. தெருவில் யாராவது ஒன்று சொன்னால் அது நிஜமா என்று பார்க்க மாட்டார்; அதிலிருந்து என்ன கிடைக்கிறது என்றுதான் பார்ப்பார். இப்படி ஒரு மனுஷனை ஏமாற்றுவது ரொம்பச் சுலபம். ஏமாற்ற வேண்டிய தேவை வெளியே யாருக்கும் வரவில்லை, அவ்வளவுதான். வீட்டில் அவருடைய தங்கை செல்வக்கனிக்குத்தான் வந்தது.

அண்ணனும் தங்கையும் மட்டும்தான் வீட்டில். அவர் கல்யாணம் செய்துகொள்ளவில்லை. கனியின் புருஷன் இறந்து ரொம்ப நாளாகிறது. இருவருக்கும் அப்பா வழியில் வந்த ஈரல் நோய் இருந்தது. தினம் ஒரு மாத்திரை போட்டால் நோய் இருக்கிற இடம் தெரியாது. போடாவிட்டால் சில மாதங்களில் ஈரல் கெட்டுவிடும். மாத்திரை கடையில் கிடைக்காது, கணக்குப்பிள்ளை குடும்ப அட்டைக்கு அளந்து கொடுப்பதுதான். அட்டை நம் ஊர் வழக்கப்படி வீட்டுப் பெண்பிள்ளை பெயரில், அதாவது கனி பெயரில் இருந்தது. மாத்திரை வாங்குவது அவள். காலையில் காப்பியோடு அண்ணன் கையில் கொடுப்பதும் அவள்தான்.

போன வருஷம், ஐம்பது வயது கடந்தவர்களுக்கு அந்த மாத்திரை கிடையாது என்று ஒரு விதி வந்தது. சிமெண்டுப் பெஞ்சு முன்னால் திருவிழாக் கூட்டம். ஞானதீபம் எல்லாருக்கும் ஒரே பதில்தான் சொன்னார்: "இது விதி. கொடுக்கப்பட்ட கூற்று. இதுல ஓட்டை பாக்க முடியாது." அவருக்கே அப்போது ஐம்பது முடிந்திருந்தது; கனிக்கு இன்னும் ஆகவில்லை. மறுநாள் காலையிலும் காப்பியோடு மாத்திரை வந்தது, அதற்கு மறுநாளும் வந்தது. ஏற்கெனவே வாங்குகிறவர்களுக்கு விதி பொருந்தாது போலிருக்கிறது என்று நினைத்துக்கொண்டு விழுங்கிவிட்டு வேலைக்குப் போனார். ஒரு வார்த்தை அவளிடம் கேட்கவில்லை.

கனி விழுந்தது ஒரு செவ்வாய்க்கிழமை, குழாயடியில். கண்ணும் நகமும் மஞ்சள். வயிறு வீங்கியிருந்தது. ஈரல் மையத்தில் பார்த்துவிட்டு, கட்டில் கிடைத்தால் பிழைப்பாள் என்றார்கள். ஈரல் கட்டில் என்பது ஆறு வாரம் ஈரலின் வேலையைத் தானே செய்து, கெட்ட ஈரல் வளர்ந்து வர அவகாசம் கொடுக்கிற கருவி. மாவட்டம் முழுக்க ஒன்பதுதான் இருந்தன. அன்று ஒன்று காலியாக இருந்தது.

மதியத்துக்குள் கணக்குப்பிள்ளையின் மூன்று வரி வந்துவிட்டது. 'நோயாளி கடந்த ஒரு வருடமாக மாத்திரையை ஒழுங்காக எடுக்கவில்லை என்று ரத்தம் காட்டுகிறது. மாத்திரையை ஒழுங்காக எடுக்காதவருக்குக் கட்டிலில் போட்ட பிறகும் ஈரல் மறுபடி கெடும். எனவே கட்டில் அடுத்தவருக்கு.' மறுப்பு மறுநாள் காலை பத்து மணிக்கு.

படித்ததுமே ஞானதீபத்துக்கு ஓட்டை தெரிந்துவிட்டது. முதல் நாள் வகுப்புப் பையன்கூடக் கண்டுபிடித்துவிடுவான். முன்பு மாத்திரையை விட்டவள் இனிமேலும் விடுவாள் என்று அது தானாக எடுத்துக்கொண்டிருக்கிறது. முன்பு விட்டதற்கு ஒரு காரணம் இருந்து, அந்தக் காரணம் இனி இல்லை என்றால் முடிவு விழும். காரணம் மட்டும்தான் தேவை. வெட்கத்தை விட்டுச் சொன்னால் அந்த நேரத்தில் அவருக்குக் கொஞ்சம் சந்தோஷமாகக்கூட இருந்தது. நேராக வார்டுக்குப் போனார்.

"ஏன் கனி மாத்திரைய விட்ட?"

"மறந்துட்டேன்."

"விளையாடாத. காரணம் வேணும். நாளைக்குச் சொல்லணும்."

"மறந்துட்டேன்னே சொல்லு. வயசாகுதுல்லா." அவள் சுவரைப் பார்த்துத் திரும்பிப் படுத்துக்கொண்டாள். பேசவே மூச்சு வாங்கியது.

ஞானதீபம் ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். மறதி என்றால் தோற்றுவிடும், மறதி இனியும் இருக்கும். ஆனால் கொடுத்ததைக் கொடுத்தபடி எடுத்துக்கொள்கிற புத்தி அவரை அங்கேயும் விடவில்லை. சரி, மறந்தாள் என்றே வைத்துக்கொள்வோம். அப்படியானால் என்ன கிடைக்கிறது?

"நீ மறந்திருந்தா எனக்கும் தர மறந்திருக்கணுமே" என்றார். "ரெண்டையும் ஒரே நேரத்துல ஒரே கையாலதான எடுப்ப. எனக்கு ஒருநாள்கூடத் தவறலையே."

கனி போர்வையைத் தோளுக்கு மேல் இழுத்துக்கொண்டாள்.

"ஏன் தவறல?"

அவள் தோள் லேசாகக் குலுங்கியது. இருமுகிறாள் என்று நினைத்தார். அழுதுகொண்டிருந்தாள்.

"கனி. எனக்கு ஐம்பது முடிஞ்சு ஒரு வருஷமாச்சு. நான் தின்னது யாரு மாத்திரை?"

அவருக்கு பதில் தெரிந்துவிட்டது. ஆனாலும் அவள் இல்லை என்று சொல்லிவிட மாட்டாளா என்று ஒரு நப்பாசை.

"உனக்கு நிறுத்தியாச்சுன்னு எனக்குத்தான் மெசேஜ் வந்துச்சு. உங்கிட்டச் சொன்னா நீ என்ன செய்வ? விதி, ஓட்டை இல்லன்னு சொல்லிட்டுப் பேசாம சாவ. எனக்குத் தெரியாதா உன்ன? அதான் என் மாத்திரைய உடைச்சுப் பாதிக்கு மேல உனக்குக் குடுத்துட்டு மீதிய நான் போட்டுக்கிட்டேன். எனக்குத் தாங்கும்னு நெனச்சேன்."

"நீ யாருட்டி அத முடிவு பண்ண?" சத்தம் போட்டுவிட்டார். பக்கத்துப் படுக்கைக்காரர்கள் திரும்பிப் பார்த்தார்கள். தங்கையை அவர் 'ட்டி' போட்டுக் கூப்பிட்டு முப்பது வருஷம் இருக்கும்.

"கத்தாத. நீ இல்லாம அந்த வீட்டுல நான் மட்டும் என்ன செய்ய?" கனி கண்ணைத் துடைத்துக்கொண்டாள். "இத மட்டும் அங்க சொன்ன, நான் கட்டில்ல ஏறவே மாட்டேன். பொழச்சு வந்தாலும் உனக்குக் குடுக்கத்தான் செய்வேன். நீ வேண்டாம்னா ரசத்துல கரைச்சு ஊத்துவேன். உன்னால என்ன கண்டுபிடிக்க முடியும்? இவ்வளவு நாள் என்னத்தக் கண்டுபிடிச்ச?"

ஊருக்கெல்லாம் ஓட்டை பார்த்த மனுஷன், தன் காப்பி டம்ளருக்குப் பக்கத்தில் இருந்ததைப் பார்க்கவில்லை. ஸ்டூலிலேயே உட்கார்ந்திருந்தார். சாயங்காலத்துக்குள் கனிக்கு நினைவு தப்ப ஆரம்பித்தது. அம்மாவைக் கூப்பிட்டாள், பிறகு யாரையும் கூப்பிடவில்லை. இனி அவளுக்காகக் கையெழுத்துப் போட வேண்டியது அண்ணன்தான் என்று டாக்டர் சொன்னார்.

மறுப்பு அறை சின்னது. ஒரு மேஜை, சுவரில் ஒரு திரை, அமர்வு அலுவலர் ஷகிலா பானு. ஞானதீபத்தை அவளுக்குப் பல வருஷமாகத் தெரியும். எந்த நோயாளி வீட்டாரும் கூட இல்லாமல் அவர் தனியாக வந்து உட்கார்ந்ததைப் பார்த்து, "இன்னைக்கு யாருக்கு சார்?" என்றாள்.

"தங்கச்சிக்கு."

பானு பேனாவை எடுத்துக்கொண்டு பதிவேட்டைத் திறந்தாள். கணக்குப்பிள்ளையின் குரல், ஆணா பெண்ணா என்று சொல்ல முடியாத அந்தச் சாந்தமான குரல், "மறுப்பு வாக்கியம்?" என்றது.

ஞானதீபம் எழுந்து நின்றார். வகுப்பில் விடை சொல்வது போல நிதானமாகச் சொன்னார். "நோயாளியின் அண்ணன் இனிமேலும் அவளுடைய மாத்திரையைத் தின்றுகொண்டிருப்பான் என்று இந்த முடிவு சொல்லாமலே எடுத்துக்கொண்டிருக்கிறது."

பானு பேனாவைக் கீழே வைத்தாள்.

"நோயாளி மாத்திரையை விட்ட காரணம் அதுவா?" என்றது கணக்குப்பிள்ளை.

"அதுதான். என் ரத்தத்தை எடுத்துப் பாத்துக்கலாம். ஒரு வருஷமா எனக்கு வராத மாத்திரை அதுல இருக்கும்."

"பார்க்கப்படும். அண்ணன் பங்கு எடுப்பது நிற்குமா?"

"நிக்கும்."

"நின்றால் அண்ணனின் ஆயுள் ஏறக்குறைய ஐந்து மாதம். அறிவிப்பது என் கடமை."

"சார்," என்றாள் பானு. "உங்களுக்கு மாத்திரை நிறுத்துனதுக்கு ஒரு மறுப்பு இருக்கே. அதச் சொல்லுங்களேன். நான் நேரம் தாரேன்."

"அது விதிம்மா. கொடுக்கப்பட்ட கூற்று. அதுல கை வைக்கப்படாது."

"நீங்களே இப்படிச் சொன்னா?"

"நான்தான ஊருக்கே சொன்னேன்." போன வருஷம் அந்தப் பெஞ்சு முன்னால் நின்ற கூட்டம் அவருக்கு ஞாபகம் வந்தது. அதில் எத்தனை பேர் இன்று இருக்கிறார்கள் என்று அவர் விசாரித்ததே இல்லை. அத்தனை பேரும் திரண்டு, விதியே தப்பு என்று நின்றிருக்கலாம். மறுபடி கல்லெறிந்திருக்கலாம். ஓட்டை இல்லை என்று அவர் சொன்னதும் கலைந்து போனார்கள். முதல் தடவையாக அவருக்குத் தன்மேல் அருவருப்பு வந்தது.

ரத்தம் எடுத்துப் பார்த்தார்கள். கால் மணி நேரத்தில் கணக்குப்பிள்ளை, "மறுப்பு ஏற்கப்பட்டது. கட்டில் நோயாளி செல்வக்கனிக்கு" என்றது. அதில் ஜெயித்த குரலும் இல்லை, தோற்ற குரலும் இல்லை.

கனியைத் தள்ளுவண்டியில் வைத்துக் கொண்டுபோனபோது அவள் கண் பாதி திறந்திருந்தது. அவரைத் தெரிந்ததா என்று சொல்ல முடியாது. நெற்றியைத் தடவிக் கொடுத்தார். கதவு மூடிக்கொண்டது. பழக்கதோஷத்தில் வெளியே வந்து சிமெண்டுப் பெஞ்சில் உட்கார்ந்தார். அப்போதுதான் அந்தப் பெண் வந்தாள்.

முப்பது வயதுகூட இருக்காது. இடுப்பில் ஒரு குழந்தை, பக்கத்தில் ஒன்று. "நீங்கதான் ரீசனிங் சாரா?" என்றாள். "எம்பேரு இசக்கியம்மா. நேத்து எங்க வீட்டுக்காரருக்குக் கட்டில்னு சொல்லிட்டாவ சார். காலைலே அவியள வண்டில ஏத்தக்கூடச் செஞ்சாச்சு. இப்ப வந்து இல்லங்காவ. வேற யாருக்கோ போயிட்டாம்."

ஞானதீபம் மூடிய கதவைத் திரும்பிப் பார்த்தார். கட்டில் இன்னொருவரிடமிருந்து வருகிறது என்பது அவருக்குத் தெரியாததில்லை. மூன்றாவது வரியிலேயே இருந்தது, அடுத்தவருக்கு என்று. ஆனால் அந்த அடுத்தவரை அவர் எந்த வழக்கிலும் நிமிர்ந்து பார்த்ததில்லை. வெளியே இருந்து எதையும் உள்ளே கொண்டுவரக் கூடாதே.

"எங்களுக்கும் ஒரு மறுப்பு உண்டாம். இன்னைக்குச் சாயங்காலத்துக்குள்ள சொல்லணுமாம். அந்த மேடம் வாசிச்சுக் காட்டுனாவ. மனப்பாடமா வச்சிருக்கேன், சொல்லட்டா சார்? 'நோயாளியின் மாத்திரையைப் பங்குபோட்டவர் பங்கை விட்டுவிட்டார். எனவே நோயாளி இனி மாத்திரையை முழுதாக எடுத்துக்கொள்வார். எனவே கட்டில் அவருக்கு.' இவ்வளவுதான் சார். இதுல ஓட்டை இருக்கா?"

மறுப்பாளர்களுக்குள் ஒரு கட்டுப்பாடு உண்டு. பெஞ்சுக்கு வந்து யார் கேட்டாலும், ஓட்டை இருக்கிறதா இல்லையா என்று உள்ளதைச் சொல்லிவிட வேண்டும். வழக்கை எடுப்பதும் எடுக்காததும் பிறகு. ஞானதீபம் அதை ஒருநாளும் மீறியதில்லை.

ஓட்டை இருந்தது. பூசணிக்காய் அளவுக்கு இருந்தது. வாங்குகிறவன் விட்டுவிட்டான், சரி, கொடுக்கிறவள் விட்டுவிட்டாளா? கொடுக்கிறவளும் நிறுத்திக்கொள்வாள் என்று கணக்குப்பிள்ளை சொல்லாமல் எடுத்துக்கொண்டிருக்கிறது. திருப்பிப் போட்டால், ரசத்தில் கரைத்து ஊற்றுவாள். முடிவு விழும். இந்தப் பெண் உள்ளே போய் அந்த ஒரு வாக்கியத்தைச் சொன்னால் போதும், கணக்குப்பிள்ளை வார்டில் விசாரிக்கும். கனி சொன்னதைப் பக்கத்துப் படுக்கைக்காரர்கள் கேட்டிருக்கிறார்கள். இவள் புருஷன் கட்டிலில் ஏறுவான்.

"அவியளுக்கு என்ன வயசும்மா?" என்றார். எதற்குக் கேட்டார் என்று அவருக்கே தெரியவில்லை.

"முப்பத்திரெண்டு சார். துரைப்பாண்டின்னு பேரு. மீன் வண்டி ஓட்டுதாவ. ஒரு கெட்ட பழக்கம் கிடையாது." இடுப்பில் இருந்த குழந்தை அவருடைய கண்ணாடியைப் பிடிக்கக் கை நீட்டியது. அவள் அதன் கையை விலக்கினாள். "வேற ஆளுட்டக் கேக்கச் சொன்னாவ. நாந்தான் உங்களத் தேடி வந்தேன். நீங்க இருக்குன்னா இருக்கு, இல்லன்னா இல்லன்னு எல்லாரும் சொல்லுதாவ. நீங்க இல்லன்னா நான் போயிருதேன் சார். அவிய கூடவாவது இருக்கலாம்லா."

ஞானதீபம் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். மாட்டிக்கொண்டார். மறுபடி கழற்றினார்.

"ஓட்டை இல்லம்மா" என்றார்.

கதறுவாள், காலில் விழுவாள் என்று அவர் பயந்தார். அவள் அவரைக் கையெடுத்துக் கும்பிட்டாள். பிறகு பெரிய பிள்ளையின் கையைப் பிடித்துக்கொண்டு வார்டு பக்கம் நடந்தாள். வேறு யாரிடமும் கேட்கவில்லை. பெஞ்சின் மறு கோடியில் இன்னும் இரண்டு மறுப்பாளர்கள் சும்மாதான் உட்கார்ந்திருந்தார்கள்.

அவர் எழுந்து தெருவுக்கு வந்தார். வெயில் மண்டையைப் பிளந்தது. வீட்டுக்குப் போகிற டவுன் பஸ் வந்து நின்றது, ஏறவில்லை. அடுத்ததாக வடக்கே போகிற பஸ் ஒன்று வந்தது. எந்த ஊர் என்று பெயர்ப்பலகையைப் பார்க்காமலே ஏறி, ஜன்னலோரமாக உட்கார்ந்தார். தேடி வர கனிக்குத் தெரியாத ஊராக இருந்தால் சரி.

ஆறு வாரத்தில் அவள் வீடு திரும்புவாள். மாத்திரையைக் கையில் வைத்துக்கொண்டு வீடெல்லாம் தேடுவாள். கொடுக்க ஆள் இருக்காது. தானே விழுங்கித்தான் ஆக வேண்டும். அப்போதுதான் அந்தப் பெண்ணிடம் அவர் சொன்னது பொய் இல்லை என்று ஆகும்.